செக்யூரிட்டியின் அதிகாரம் எதுவரை?

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் சென்னை ரங்கநாதன் தெருவின் துணிக்கடை ஒன்றில் நுழைகிறவர், வாசலில் நாட்டிய மெட்டல் டிடெக்டர் இடைவிடாது கூவிக்கொண்டிருப்பதையும், அதனருகே நீலச் சட்டையுடன் நிற்கும் முதியவர் தம் கைக்கருவியால் ஒவ்வொரு பையையும் சம்பிரதாயத்துக்கு ஒருமுறை தொட்டு விடுவதையும் பார்த்திருக்கக்கூடும். கூவலுக்குக் காரணம் சாவிக்கொத்தா, கத்தியா என்று ஆராய அவருக்கு அவகாசமில்லை. பின்னால் கூட்டம் நெருக்குகிறது. இவரை நம்பி என்ன பிரயோசனம் என்று முணுமுணுத்தவாறே உள்ளே செல்லும் நாம், எந்த அதிகாரத்தோடு, எந்தப் பயிற்சியோடு அவர் அங்கே நிறுத்தப்பட்டார் என்று விசாரிப்பதில்லை.

சீருடை அணிந்திருப்பினும் சட்டத்தின் முன் அவர் சாதாரணப் பிரஜையே. ஜாமீனில் விடத்தகாததும், வாரண்ட் இன்றிப் போலீஸார் கைது செய்யத்தக்கதுமான குற்றத்தை ஒருவர் தம் கண்ணெதிரே செய்தால் எந்தத் தனிமனிதரும் அவரைப் பிடிக்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு கூறிற்று. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு அதையே கூறி, பிடிபட்டவரை 6 மணி நேரத்துக்குள் போலீஸாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. காவலாளிக்கு உள்ள கைது அதிகாரம் ஏறத்தாழ இவ்வளவே. சந்தேகத்தின்பேரில் ஒருவரைக் கிடங்கறைக்கு இழுத்துச் சென்று அடிப்பதைக் கடமை என்று சொல்ல இடமே இல்லை, அது குற்றம்.

இத்தொழிலை நெறிப்படுத்த 2005இல் பாராளுமன்றம் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. லைசென்ஸ் இன்றி ஏஜென்சி நடத்தலாகாது. காவலாளி 18 வயது நிரம்பியவராகவும் 65ஐ எட்டாதவராகவும் இருக்கவேண்டும். அவருடைய பூர்வோத்தரமும் நடத்தையும் விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும். ராணுவம் அல்லது போலீஸ் உடையைப் போன்ற தோற்றமுள்ள உடுப்பை அவர் அணிந்தால், அவருக்கு மட்டுமன்றி ஏஜென்சியின் உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

மத்திய அரசு 2006இல் வெளியிட்ட மாதிரி விதிகள்தாம் இதில் விசேஷமானவை. வகுப்பறையில் 100 மணி, களத்தில் 60 மணி, குறைந்தது 20 வேலை நாட்கள் எனப் பயிற்சியின் அளவை அவை நிர்ணயித்தன. தீயணைப்பு, கூட்டத்தை ஒழுங்குபடுத்தல், முதலுதவி, அடையாளச் சீட்டுகளைப் பரிசோதித்தல், வெடிபொருளை இனங்காணுதல், போலீஸ் நிலையத்தில் புகார் பதிவு செய்யும் முறை, தற்காப்பு உரிமையின் எல்லை ஆகிய யாவும் பாடத்தில் இருந்தன. இவற்றையெல்லாம் கற்றுத் தேர்ந்த ஒருவர் வாசலில் நிற்பாராயின், நெருப்புப் பற்றிய ஒரு மாலைவேளையில் அடைத்துக் கிடக்கும் அவசர வழியைத் திறந்துவிட்டு, பதறி ஓடும் ஜனங்களை நெரிசலின்றி வெளியேற்றும் வல்லமை அவருக்கு இருக்கும். அது எத்தனை உயிர்களுக்குச் சமானம்! ஆனால் காலையில் ஆளெடுத்து, யாருக்கோ தைத்த சட்டையை மாட்டிவிட்டு, மாலையில் கேட்டில் நிறுத்திவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்துவருகிறது.

காரணம் பணமே. குறைந்த தொகை கேட்கும் ஏஜென்சிக்கே கான்ட்ராக்ட் போகிறது. அத்தொகையில் ஏஜென்சியின் லாபமும் அடங்க வேண்டியிருப்பதால், மூன்று ஷிப்டுக்கு மூவரை வைக்கவேண்டிய இடத்தில் இருவர் 12 மணி நேரம் வீதம் நிற்கிறார்கள். மாற்று ஆள் வராவிட்டால் அதுவே டபுள் டியூட்டியாகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு அவர் கண்ணயர்வதைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் பரப்புவோருக்கு, அவர் முந்தின நாள் பகலும் அதே கேட்டில் நின்றவர் என்பது தெரியாமலிராது. கடைகளிலும் நிறுவனங்களிலும் எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் செய்த பின்னரும், வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவதையே கடையின் கௌரவத்துக்குக் குறைவாக எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்பகத்தன்மை என்பது அந்த மனிதரின் சுபாவத்தில் மட்டும் உள்ள குணமன்று, அவரை அமர்த்துவோர் விலை கொடுத்து உண்டாக்கவேண்டிய ஒன்று என்பதே என் அபிப்பிராயம்.

ஆகவே குடியிருப்புச் சங்கமோ மருத்துவமனையோ கல்யாண மண்டபமோ அடுத்த முறை கான்ட்ராக்ட் எழுதும்போது, மாதத்துக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு முன்னதாக, ஏஜென்சியின் லைசென்ஸ் நகலையும், அனுப்பப்படும் ஒவ்வொருவரின் பயிற்சிச் சான்றிதழையும், போலீஸ் சரிபார்ப்புத் தாளையும் கேட்டு வாங்கட்டும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு உரிய கூலியையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்திடட்டும்.