விளம்பரமும் நம் பொறுப்பும்
தொடர்புச் சாதனங்களைப் பற்றிய பாடத்தில் எழுந்த சில சிந்தனைகள்

இறையியல் பயிலும் மாணவருக்கு விளம்பரத்தைப் பற்றிய பாடம் எதற்கு? தொடர்புச் சாதனங்கள் பற்றிய வகுப்பு தொடங்கியபோது எங்களுள் பலர் இவ்வாறே எண்ணினோம். பத்திரிகை படிக்க நமக்குத் தெரியும். பிரசங்கம் ஆயத்தம் செய்யக் கற்றாற் போதும் என்பது எங்கள் கருத்து. பாடம் முடிவதற்குள் அக்கருத்து மாறிற்று. அது மாறிய விதத்தைச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

1. அச்சும் அதன் செலவும்

தமிழ் அச்சு வரலாற்றை நாங்கள் முன்னரே படித்திருந்தோம். ஆயினும் ‘இதற்குப் பணம் கொடுத்தவர் யார்?’ என்று கேட்டுப் படித்ததில்லை. 1578இல் கொல்லத்தில் ஹென்றிக்கஸ் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கங்களே உடைய சிறு நூல். அவருடைய அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் பொருளுதவி செய்தனர். எவருக்காக நூல் அச்சிடப்பட்டதோ, அவர்களே அதன் செலவிலும் பங்கேற்றனர்.

சீகன்பால்கு காலத்தில் நிலைமை வேறு. லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம் அனுப்பிய அச்சுப்பொறி 1712இல் தரங்கம்பாடியை அடைந்தது. தமிழ் எழுத்துக்கள் ஜெர்மனியிலுள்ள ஹாலேயில் வார்க்கப்பட்டு மறு ஆண்டு வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை, தாளோ அரிது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தனர். இம்முயற்சியைத் தாங்கியது தொலைநாட்டாரின் நன்கொடை. எதை அச்சிடுவது, எதை நிறுத்துவது என்பதில் கொடுப்போரின் நோக்கத்திற்கும் இடமுண்டு அல்லவா? செலவின்றி அச்சு இல்லை. செலவு செய்பவரின் எண்ணம் சிறிதும் படாத பக்கமும் அரிது.

2. பத்திரிகை எதை விற்கின்றது?

நாளிதழுக்கு நாம் கொடுக்கும் விலை, தாளுக்கும் அச்சுக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியையே ஈடுசெய்கின்றது. எஞ்சியதை விளம்பரம் நிரப்புகின்றது. எனவே பத்திரிகை வாசகருக்குச் செய்தியை விற்கின்றது. அதே வேளையில் விளம்பரதாரருக்கு வாசகரின் கவனத்தை விற்கின்றது. வானொலியில் 1967இலும் தூர்தர்ஷனில் 1976இலும் வணிக விளம்பரங்கள் இடம்பெறத் தொடங்கின. இன்று கைபேசியில் பலவற்றை நாம் இலவசமாகக் காண்கின்றோம். அங்கே நம் விருப்பு வெறுப்புகளைப் பற்றிய தகவல்களே விலையாகச் செல்கின்றன.

வகுப்பில் எங்களுக்கு ஒரு பயிற்சி தரப்பட்டது. ஒரு நாளிதழில் செய்திகளை நீலப் பென்சிலாலும் விளம்பரங்களைச் சிவப்புப் பென்சிலாலும் கட்டமிட வேண்டும். எளிதென்று எண்ணினோம். ஆனால் எந்தப் பென்சிலை எடுப்பதென்று தெரியாத பகுதிகள் பல இருந்தன. கட்டுரை போன்ற தோற்றம், செய்தி போன்ற தலைப்பு. மூலையில் மிகச் சிறிய எழுத்தில் ‘விளம்பரம்’ என்ற சொல். அச்சொல்லும் இல்லாவிடில் வாசகர் என் செய்வார்? 2009ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது வேட்பாளரிடம் பணம் பெற்றுச் செய்தி வெளியிட்டதாக எழுந்த புகார்களை இந்தியப் பத்திரிகை மன்றத்தின் துணைக் குழு ஆராய்ந்து, 2010இல் அறிக்கை அளித்தது. பணம் கொடுத்தவரின் பெயர் மறைக்கப்படும்போது, விளம்பரம் வஞ்சகமாகிவிடுகின்றது.

3. எங்களுக்கு நேர்ந்த சோதனை

இப்பாடம் நடந்துகொண்டிருந்தபோது மாணவர் மலருக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்தோம். ஒரு மருந்து வியாபாரி பின்னட்டை முழுவதையும் கேட்டார். அவர் தருவதாகச் சொன்ன தொகையால் அச்சகக் கணக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். விளம்பரமோ, நீரிழிவை அடியோடு குணமாக்குவதாகவும், பிற மாத்திரைகள் வேண்டியதில்லை எனவும் கூறிற்று.

எங்களுக்குள் வாதம் எழுந்தது. ‘சொல்பவர் அவர், நாம் இடம் மட்டுமே தருகின்றோம்’ என்றனர் சிலர். அப்போது எங்களுள் ஒருவர், இதைப் போன்றதொரு விளம்பரத்தை நம்பி மாத்திரையை நிறுத்திய தம் தகப்பனார், காலில் புண் ஆறாது இரண்டு விரல்களை இழந்ததைச் சொன்னார். அதன்பின் வாதம் நீளவில்லை. 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரச் சட்டத்தில், குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் நீரிழிவும் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தோம். அச்சட்டம் விளம்பரதாரரை மட்டுமன்று, அத்தகைய விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கேற்கும் எவரையும் தடுக்கின்றது. ‘இடம் மட்டுமே தருகின்றோம்’ என்ற சமாதானம் சட்டத்தின் முன்னும் நில்லாது.

விளம்பரத்தைத் திருப்பி அனுப்பினோம். அதனால் மலரின் பக்கங்கள் குறைந்தன. வண்ண அட்டை கைவிடப்பட்டது. இருவருடைய கட்டுரைகள் இடம்பெறவில்லை. அவர்களது வருத்தத்தையும் நாங்கள் மறைக்க விரும்பவில்லை.

4. நாம் கேட்கவேண்டியவை

விளம்பரம் யாவும் தீயது என்பது எங்கள் கருத்தன்று. வேலை தேடுபவருக்கும், வாடகைக்கு வீடு பார்ப்பவருக்கும், புதிதாய்த் தையற்கடை திறந்தவருக்கும் அது உதவுகின்றது. பொருள் இன்னது, விலை இன்னது என அறிவிப்பது ஒன்று. அச்சத்தையும் ஆசையையும் தூண்டிப் பணம் பறிப்பது மற்றொன்று. எனவே மூன்று கேள்விகள் அவசியமாகின்றன: பேசுபவர் யார்? செலவு செய்பவர் யார்? நம்பி ஏமாந்தவருக்குப் பதில் சொல்பவர் யார்?

இக்கேள்விகளைப் பிறரிடம் மட்டும் கேட்பது நேர்மையன்று. சுகமளிக்கும் கூட்டமென்று, ஊழியரின் படத்தைப் பெரிதாகப் போட்டு, சுவரெங்கும் ஒட்டப்படும் நம் சுவரொட்டிகளும் விளம்பரங்களே. நோயாளிக்கு நாம் தரும் வாக்குறுதி, அந்த மருந்து வியாபாரியின் வாக்குறுதியிலிருந்து எவ்விதத்தில் வேறுபடுகின்றது? இதற்கு நாங்கள் இன்னும் முழுமையாக விடை காணவில்லை.

அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் இடமும் நூலிலும் இதழிலும் பொறிக்கப்பட வேண்டுமென 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அச்சட்டத்தின் இடத்தில் இதழ்களுக்கென 2023இல் புதிய சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் மாறினும் அதன் பின்னுள்ள நீதி மாறவில்லை: பிறர் நம்பும்படி ஒன்றைச் சொல்பவர், அதற்குத் தம் பெயரையும் கொடுக்கவேண்டும். மெலிந்து வெளிவந்த எங்கள் மலரின் கடைசிப் பக்கத்தில் எங்கள் பெயர்களை அச்சிட்டபோது, இப்பாடத்தின் பொருள் எங்களுக்கு விளங்கிற்று.