தேக்கு மரம்: இரு நாடுகளின் ஏற்றுமதி தரும் பாடம்

நல்லூர், விருத்தாசலம் வட்டாரங்களில் முந்திரித் தோப்பின் ஓரத்திலும், கிணற்று மேட்டிலும், வரப்பிலும் தேக்கு வைத்திருக்கும் விவசாயிகள் உண்டு. மரம் 12, 15 வயதை எட்டியதும் வியாபாரி வந்து விலை பேசுவார். வீட்டில் கலியாணச் செலவு காத்திருக்கும். கேட்ட விலைக்கே கொடுத்து விடுகிறோம். இது இலாபமா, நட்டமா? இரண்டு நாடுகளின் தேக்கு ஏற்றுமதியை ஒப்பிட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும்.

பர்மாவும் ஈக்வடாரும்

செட்டிநாட்டு வீடுகளின் தூண்களுக்குப் பெயர் தந்தது பர்மா தேக்கு. இன்று மியான்மர் எனப்படும் அந்நாட்டின் காடுகளில் தானாக வளர்ந்து, பல பத்தாண்டுகள் முதிர்ந்த மரம் அது. தென் அமெரிக்காவிலுள்ள ஈக்வடாரில் தேக்கு நட்டு வளர்க்கப்படுகிறது. பெரும்பாலும் சுமார் 20 ஆண்டுகளிலேயே வெட்டி, உருட்டுக் கட்டையாகக் கப்பலேற்றுகிறார்கள். அதை மிகுதியாக வாங்குவது நம் இந்தியாதான்.

மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக் கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. தடை வருமுன் வியாபாரிகள் முந்திக்கொண்டு வாங்கினர்; ஏற்றுமதித் தொகை உயர்ந்தது. அந்தத் தொகையை மட்டும் பார்த்தால் நாடு செழித்ததாகத் தோன்றும். ஆனால் விற்றது விளைச்சலை மட்டும் அல்ல, காட்டையும் சேர்த்துத்தான். ஆகவே மொத்தத் தொகையோடு, ஒரு கன மீட்டர் என்ன விலைக்குப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பர்மாவின் முதிர்ந்த மரம் ஈக்வடாரின் இள மரத்தைவிடப் பல மடங்கு விலை பெறுகிறது.

காரணம் என்ன?

இள மரத்தில் வெள்ளைப் பகுதி அதிகம், வைரம் குறைவு. பருமனும் குறைவு என்பதால் அகலப் பலகை கிடைக்காது. முதிர்ந்த மரத்தில் வைரம் நன்கு பாய்ந்திருக்கும்.

கன அடிக் கணக்கு

கட்டையின் நடுப்பகுதிச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து 4ஆல் வகுக்கவும். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கவும். அதை நீள அடியால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும்.

10 அடி நீளக் கட்டையின் சுற்றளவு 24 அங்குலம் என்றால் 2.5 கன அடி. அதுவே 48 அங்குலமானால் 10 கன அடி. சுற்றளவு இரு மடங்கானால் மரம் நான்கு மடங்கு! பருத்த மரத்துக்குக் கன அடி விலையும் கூடுதல் என்பதால் வருமானம் நான்கு மடங்குக்கும் மேலாகும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

பணம் தேவையானால் எல்லா மரங்களையும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டாம். வளைந்தவை, மெலிந்தவை, நெருக்கமாக நிற்பவை ஆகியவற்றை முதலில் விற்கலாம். நேராக வளர்ந்தவற்றை விட்டு வைத்தால், இடமும் வெயிலும் கிடைத்து விரைவில் பருக்கும். பக்கக் கிளைகளை இளம் பருவத்திலேயே கவாத்து செய்ய வேண்டும். வேரடியில் நீர் தேங்கக் கூடாது.

விற்கும்போது குத்துமதிப்பாகப் பேசாமல் அளந்து கன அடிக்கு விலை பேச வேண்டும். வியாபாரி வருமுன் நீங்களே ஒருமுறை அளந்து குறித்து வைத்துக்கொள்வது நல்லது. மரங்களை அடங்கலில் பதிவு செய்து வைத்து, வெட்டுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் விதிமுறைகளைக் கேட்டறிய வேண்டும்.

வரப்பில் நிற்கும் தேக்கு வளரும் சேமிப்பு. அவசரத்துக்கு அதில் ஒரு பகுதியை எடுக்கலாம். முழுவதையும் பாதியிலேயே எடுத்துவிட்டால் நட்டம் நமக்கே.