ஹூஸ்டன் குவில்ட் சந்தை: முதன்முறை செல்லும் வியாபாரி அறிய வேண்டியவை

வணிகக் கண்காட்சிக்குப் போய்வரும் நம் உறுப்பினர்கள் பலர், கூட்டத்தைப் பற்றியும் அரங்கின் அழகைப் பற்றியும் நிறையச் சொல்வார்கள். போய்வந்ததால் கடைக்கு லாபமா, நட்டமா என்று கேட்டால் பதில் வருவதற்குச் சற்று நேரமாகும். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். 2019 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்த குவில்ட் வணிகச் சந்தையைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே கற்ற பாடம் ஜவுளிக்கு மட்டுமின்றி எல்லா வியாபாரத்துக்கும் பொருந்தும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

குவில்ட் என்றால் என்ன?

மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே பஞ்சுப் படலம். மூன்றையும் சேர்த்து நெருக்கமாகத் தையல் போட்டால் அது குவில்ட். வடநாட்டு ரஜாய்க்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். அமெரிக்காவில் இதன் மேல்துணியைப் பெரும்பாலும் சிறு சிறு துண்டுகளை இணைத்துத்தான் அமைக்கிறார்கள். வீட்டுப் பெண்கள் பழந்துணியில் செய்துவந்த இந்த வேலை, இன்று புதுத்துணி வாங்கிச் செய்யும் பெரிய பொழுதுபோக்காகி விட்டது. இதற்கான துணி, நூல், ஊசி, வெட்டும் கருவி, மாதிரிப் படிவம், தையல் இயந்திரம் இவற்றை மட்டுமே விற்கும் கடைகள் சிற்றூர்களிலும் உண்டு.

ஹூஸ்டனில் கேரி பிரெசனன் என்ற பெண்மணி 1970களில் பழம்பொருள் கடை வைத்திருந்தார். அழகுக்காகத் தொங்கவிட்ட குவில்ட்களையே வாடிக்கையாளர்கள் அதிகம் விசாரித்தார்கள். கடையின் போக்கே மாறியது. பொதுமக்களுக்கான குவில்ட் விழாவை நடத்தி வந்த அவர், 1979-இல் கடைக்காரர்களுக்கென்றே தனி மொத்த வியாபாரச் சந்தையையும் தொடங்கினார். வாடிக்கையாளர் எதைக் கேட்கிறார் என்று கவனித்த ஒரு சில்லறை வியாபாரியால் உண்டான சந்தை அது என்பது நமக்கெல்லாம் பெருமை.

உள்ளே நுழைய உரிமை

எங்கள் தங்கை மகள் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் குவில்ட் துணிக்கடை நடத்துகிறாள். சகோதரர்கள் நாங்கள் இருவரும் அவள் கடையைச் சேர்ந்தவர்களாகப் பதிவு பெற்றே உள்ளே போக முடிந்தது. அந்தச் சந்தை வியாபாரிகளுக்கு மட்டும். கடை உண்மையில் நடக்கிறது என்பதற்கான சான்றுகளை முன்கூட்டியே அனுப்பிப் பெயர் அட்டை பெற வேண்டும். பொதுமக்களுக்கான விழா, சந்தை முடிந்த பிறகு அதே வாரத்தில் அதே இடத்தில் நடந்தது. மொத்த விலை சில்லறை வாடிக்கையாளர் காதில் விழாதபடி இரண்டையும் பிரித்து வைத்திருந்த முறை எங்களுக்குப் பிடித்தது.

இடம், 1987-இல் திறக்கப்பட்ட ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு அரங்கம். ஒரு கோடியில் நின்றால் மறுகோடியில் நிற்பவரை அடையாளம் காண முடியாது. நல்ல செருப்பு அவசியம் என்று தங்கை மகள் முன்பே எச்சரித்திருந்தாள். புதுச் செருப்போடு போனது எங்கள் முதல் தவறு.

முதல் நாளும் முதல் இரவும்

சனி முதல் திங்கள் வரை சந்தை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையைப் புதிதாகச் செல்பவர் தவறவிடக் கூடாது. அன்று பகல் முழுவதும் 'ஸ்கூல்ஹவுஸ்' என்ற வகுப்புகள். உற்பத்தியாளர்களும் வடிவமைப்பாளர்களும் ஆளுக்கு அரைமணி அளவில் தங்கள் புதுச் சரக்கைக் காட்டி, அதைக் கடையில் எப்படி விற்கலாம் என்றும் சொல்லித் தருகிறார்கள். சரக்கை விற்பதோடு, சரக்கு நகரும் வழியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். நம் பக்கத்து மொத்த வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெள்ளி மாலை 'சாம்பிள் ஸ்ப்ரீ'. பணம் கொடுத்துக் கையோடு சரக்கு எடுத்துப் போகும் விற்பனை அந்த ஒரு வேளைதான். கதவு திறக்குமுன்பே நீண்ட வரிசை. மாதிரிக்கு ஒரு பொட்டலம் வாங்கிப் போய்த் தைத்துப் பார்க்கலாம், கடையில் மாட்டி வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கலாம். மற்ற மூன்று நாளும் கடைகளில் துணி வாங்க முடியாது. ஆர்டர் எழுதத்தான் முடியும்.

இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

பேனா லேசானது, பில் கனமானது

குவில்ட் துணி சுமார் 44 அங்குல அகலமுள்ள பருத்தி. அட்டையில் சுற்றிய சுருளாக, பொதுவாகச் சுருளுக்கு 15 கெஜம் என்ற கணக்கில் கடைக்கு வரும். ஒரே நிறக்குடும்பத்தில், ஒன்றோடொன்று சேரும்படி அச்சிட்ட பல டிசைன்களை ஒரு தொகுப்பாக்கி விற்கிறார்கள். சந்தையில் காட்டுவது பெரும்பாலும் இனிமேல் வரப்போகிற தொகுப்பு. அக்டோபரில் எழுதும் ஆர்டருக்குச் சரக்கு வர நான்கு, ஐந்து, ஆறு மாதங்கள்கூட ஆகும். பில்லும் சரக்கோடுதான் வரும். அதற்குக் கெடு பெரும்பாலும் 30 நாள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு தொகுப்பில் 24 டிசைன். டிசைனுக்கு ஒரு சுருள் என்றால் 360 கெஜம். மொத்த விலை கெஜம் 5 டாலர் 50 சென்ட் என்று வைத்துக்கொண்டால் 1,980 டாலர். "இவ்வளவுதானே" என்று தோன்றும். சந்தையில் அப்படிப்பட்ட அழகான தொகுப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பத்து இடத்தில் "சரி" என்றால் 19,800 டாலர். கையெழுத்துப் போடும்போது பையிலிருந்து ஒரு காசும் போகாது. அதனால்தான் கை தாராளமாகிறது.

தங்கை மகள் தன் முதல் ஆண்டில் ஏழு கடைகளில் ஆர்டர் எழுதினாள். எது எந்த மாதம் வரும் என்று குறித்து வைக்கவில்லை. ஏழில் ஐந்து ஒரே மாதத்தில் வந்து இறங்கின. 30 நாளில் பணம் கட்ட, நல்ல சரக்கையே அடக்க விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. கடையை மூடிவிடலாமா என்று அவள் ஊருக்குத் தொலைபேசியில் அழுதது எங்களுக்கு நினைவிருக்கிறது.

ஆகவே 2019-இல் முதல் நாள் காலையிலேயே எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "மாமா, இன்றைக்குப் பேனாவைத் திறக்கப் போவதில்லை. பார்ப்போம், எழுதிக்கொள்வோம், நாளை வாங்குவோம்." நாங்கள் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் டிசைன் தொகுப்பு ஒன்றைப் பார்த்து, "முழுதாக எடுத்துக்கொள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு விற்கும்" என்று வற்புறுத்தினோம். அவள் சிரித்துவிட்டு நோட்டில் விலையை மட்டும் குறித்தாள்.

கொள்முதல் வரம்பு

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு தொகை எழுதியிருந்தது. அந்த மாதம் புதிதாக வாங்கக்கூடிய உச்சவரம்பு அது. கணக்கிடும் முறை எளிது. எல்லாத் தொகையும் அடக்க விலையில் இருக்க வேண்டும்.

மாதக் கடைசியில் கடையில் இருக்க வேண்டிய சரக்கு 40,000. அந்த மாதம் விற்கும் என எதிர்பார்க்கும் சரக்கு 10,000. கூட்டினால் 50,000. மாதத் தொடக்கத்தில் உள்ள இருப்பு 42,000, ஏற்கெனவே எழுதி அந்த மாதம் வரவேண்டிய ஆர்டர் 3,000. இவ்விரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 5,000. அந்த மாதத்தில் வந்து சேரும்படி புதிதாக எழுதக்கூடியது இவ்வளவே. கண்காட்சியில் ஆர்டர் எழுதும்போது, அந்தச் சரக்கு வரும் மாதத்தின் கட்டத்தில் தொகையைக் கழித்துவிட வேண்டும். கட்டம் காலியானால், தங்கமே ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

அவள் ஒவ்வொரு வரம்பிலும் மூன்றில் ஒரு பங்கை எழுதாமலே வைத்தாள். "எதற்கு?" என்று கேட்டோம். "கேட்டு வருபவருக்கு" என்றாள். வாடிக்கையாளர் புதிதாக ஒன்றைக் கேட்டால் உடனே வரவழைக்கக் கையில் இடம் வேண்டும் என்பது அவள் கருத்து.

துண்டில் இருக்கும் லாபம்

கட் பீஸ் வியாபாரம் நமக்குப் புதிதல்ல. ஆனால் நம்மிடம் கட் பீஸ் என்றால் மிச்சம், தள்ளுபடி. அங்கே துண்டே தனிச் சரக்கு. கால் கெஜத்தைக் குறுக்கே நீளமாக வெட்டாமல், 18 அங்குலத்துக்கு 22 அங்குலமாக வெட்டி 'ஃபேட் குவார்ட்டர்' என்கிறார்கள். அளவு அதேதான், துண்டு அகலமாக இருப்பதால் தைப்பவருக்குப் பயன் அதிகம், கெஜ விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவும் போகிறது. 15 கெஜச் சுருளில் இப்படி 60 துண்டு கிடைக்கும். மெதுவாக நகரும் டிசைனையும் நன்றாக நகரும் டிசைனோடு சேர்த்துக் கட்டி விற்றுவிடலாம். தொகுப்பின் எல்லா டிசைனிலும் இரண்டரை அங்குலப் பட்டை வெட்டிச் சுருட்டி, 'ஜெல்லி ரோல்' என்று டெக்சாஸ் நிறுவனமான மோடா பெயர் வைத்திருக்கிறது. முழுத் தொகுப்பை வாங்கப் பயப்படும் கடைக்காரர் இந்தச் சுருட்டை வாங்கிச் சந்தையைச் சோதித்துப் பார்க்கலாம்.

அதன் பின் நடந்தது

அந்த ஆர்டர்கள் வரவேண்டிய மாதங்கள் 2020 மார்ச், ஏப்ரல். கொரோனாவால் கடைக்கதவு மூடியது. முகக்கவசம் தைக்க ஊரெல்லாம் பருத்தித் துணியும் எலாஸ்டிக்கும் தேடினார்கள். ஒற்றை நிறத் துணியும் சிறு பூப்போட்டதும் தொலைபேசி ஆர்டரிலேயே தீர்ந்தன. எழுதாமல் வைத்திருந்த மூன்றில் ஒரு பங்குதான் அவற்றை மீண்டும் வரவழைக்கவும் வாடகை கட்டவும் உதவிற்று. நாங்கள் வற்புறுத்திய கிறிஸ்துமஸ் தொகுப்பை எடுத்திருந்தால் அந்தப் பணம் அலமாரியில் மடிந்து கிடந்திருக்கும். இப்படி ஒரு காலம் வரும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததற்கும் சேர்த்து இடம் விட்டிருந்தாள்.

அன்பர்களே, கோவை கொடிசியா வளாகமோ, சென்னை நந்தம்பாக்கமோ, கரூர் ஏற்றுமதியாளர்கள் ஜனவரியில் போகும் ஃபிராங்க்ஃபர்ட்டோ, எந்தக் கண்காட்சியானாலும் இவற்றை மனதில் கொள்ளலாம்:

1. அனுமதி விதிகளையும் தேதியையும் அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துப் பதிவு செய்க.
2. மாதவாரிக் கொள்முதல் வரம்பைக் கடையிலேயே எழுதிக்கொண்டு புறப்படுக.
3. முதல் நாள் பார்க்க மட்டும். இரண்டாம் நாள் வாங்க.
4. சரக்கு வரும் மாதம், பணம் கட்டும் கெடு, ரத்து செய்யும் உரிமை ஆகிய மூன்றையும் ஆர்டர் தாளிலேயே எழுதி வாங்குக.
5. வரம்பில் ஒரு பங்கை எழுதாமல் வைத்திருக்க.

வாங்கும்போதே லாபம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வாங்காமல் வந்ததிலும் லாபம் உண்டு என்பதை ஹூஸ்டனில் எங்கள் தங்கை மகளிடம் கற்றோம். அதற்கப்புறம் எங்கள் கடைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலும் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கின்றன.