ஆங்கிலச் சொற்களும் அட்டைப் பெட்டியும்

ஆங்கிலம் என்றாலே நம்மில் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழி. அப்பா கொத்து வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இப்படிப்பட்டவனுக்கு, பி.எஸ்ஸி. முடித்ததும் வெளிநாடு சென்று இயற்பியல் படிக்க வேண்டும் என்று ஓர் ஆசை. ஆசை யாரை விட்டது!

அதற்கு ஜி.ஆர்.இ. என்றொரு தேர்வு உண்டு. அமெரிக்காவில் உள்ள பல்கலைக் கழகங்கள் பலவும் மேற்படிப்புக்கு ஆள் எடுக்கும்போது இதன் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. (இப்போது கேட்காமல் விட்டுவிடுபவையும் உண்டு.) கணக்குப் பகுதியில் நமக்கு அவ்வளவு பயமில்லை. மொழிப் பகுதிதான் பூதம். 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு அந்தப் பகுதியில் 27 வினாக்கள், 41 நிமிடங்கள். மதிப்பெண் 130இல் தொடங்கி 170இல் முடியும். 130 என்பது பூச்சியத்துக்கு வைத்த கௌரவப் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ச்சொல் கேட்பது, ஒப்புமை கேட்பது எல்லாம் 2011இலேயே போய்விட்டன. இப்போது வாக்கியத்தில் கோடிட்ட இடம் விட்டு, அங்கே பொருந்தும் சொல்லைக் கேட்கிறார்கள். ஆறு சொற்களைக் கொடுத்து, வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தேர்ந்தெடு என்பது இன்னொரு வகை. இது தெரியாமல் நான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய சொற்பட்டியல் நூலை வாங்கி, 'ஏ' எழுத்திலிருந்து உருப்போடத் தொடங்கினேன். 'பி' வரும்போது 'ஏ' போய்விட்டது!

இதற்கு என் மண்டையை மட்டும் குறை சொல்ல வேண்டியதில்லை என்று பின்னர் அறிந்தேன். ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885இல் வெளியிட்டார். கற்றது முதலில் மளமளவென்று மறக்கிறது. பிறகு மெல்ல மெல்ல மறக்கிறது. எனவே மறக்கப் போகும் தறுவாயில் ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டால் போதும். இதை வைத்து 1972இல் லைட்னர் என்பவர் ஒரு பெட்டி முறையைச் சொன்னார். ஓர் அட்டையில் ஒரு சொல், பின்புறம் பொருள். பெட்டியில் ஐந்து அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் மறுபடி முதல் அறைக்கே வந்துவிடும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும். பின் அறைகளை நாள் இடைவெளி விட்டுப் பார்த்தால் போதும். அட்டைக்குக் காசு கொடுக்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கிக்கொண்டேன். இனிப்புப் பெட்டிதான் என் ஐந்தறைப் பெட்டி!

வாக்கியங்களுக்கு ரோமன் ரோலண்டு நூலகம் இருக்கிறது. 1827இல் தொடங்கிய நூலகம் அது. ஆங்கில நாளேட்டின் தலையங்கத்தில் சொல்லைக் கண்டால், அந்த வாக்கியத்தோடு எழுதிக்கொள்வேன். தனிச்சொல்லாகக் கற்றது கோடிட்ட இடத்தில் கைகொடுப்பதில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு வேறோர் உதவியும் உண்டு, அதுதான் பிரெஞ்சு. 1066இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தை வென்றபின், அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு ஏறி அமர்ந்தது. அதனால் ஆங்கிலத்தில் வீட்டுச் சொற்கள் ஒரு பக்கம், பிரெஞ்சும் இலத்தீனும் தந்த சபைச் சொற்கள் ஒரு பக்கம். தேர்வுக்காரர்கள் பெரும்பாலும் சபைச் சொற்களையே கேட்கிறார்கள்.

எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த 'சொல்தா' தாத்தா ஒருவர் இருக்கிறார். 'கோஷ்' என்றால் பக்குவமில்லாத, நயமற்ற என்று நான் உருப்போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டுச் சிரித்தார். "அட, கோஷ்னா இடது பக்கம்டா! பட்டாளத்துல திரும்பச் சொல்ற கட்டளை" என்று எழுந்து நின்று இடப்பக்கம் திரும்பிக் காட்டினார். வலப்பக்கம் 'துருவாத்'. அதன் உறவுதான் ஆங்கிலத்தின் 'அட்ராய்ட்'. கெட்டிக்காரத்தனமான என்று பொருள். இலத்தீனிலும் இப்படியே. இடதிலிருந்து 'சினிஸ்டர்' (கேடான), வலதிலிருந்து 'டெக்ஸ்டரஸ்' (கைதேர்ந்த). நாமும் சளைத்தவர்களா? வலம் என்றால் வெற்றி, வலவன் என்றால் திறமையானவன். இடக்கைக்கு நாம் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத வேண்டாம். ஒரே மாலையில் நான்கு சொற்கள். இன்றுவரை அவை முதல் அறைக்குத் திரும்பவில்லை.

இனி, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த ஒன்றைச் சொல்கிறேன். இரவில் அம்மாதான் எனக்குத் தேர்வு வைப்பார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கில உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருப்பேன். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பார், நான் பொருள் சொல்வேன். ஒருநாள் ஓர் அட்டையை எடுத்து, "பரையா" என்று படித்தார். நான் யோசிக்கவே இல்லை. "சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன், யாரும் சேர்த்துக்கொள்ளாதவன்" என்று ஒப்பித்தேன். அம்மா அட்டையைக் கீழே வைக்கவில்லை. "ஏண்டா தம்பி, நம்ம பேர எதுக்கு இதுல எழுதி வெச்சிருக்க?" என்றார்.

என் தாத்தா பறை அடித்தவர். நான் பிறந்த மக்களின் பெயரை எழுதி, பொருளும் எழுதி, இரண்டு வாரம் உருப்போட்டிருக்கிறேன். எனக்கு உறைக்கவில்லை!

மறுநாள் நூலகத்தில் பெரிய அகராதியைப் பார்த்தேன். தமிழ்ச் சொல்தான். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. பிரெஞ்சில் 'பாரியா'. 1791இல் பெர்னார்தேன் தெ சேன்பியேர் இந்தியக் குடிசை ஒன்றைப் பற்றிக் கதை எழுதி அச்சொல்லைப் பரப்பினார். 1821இல் தெலவீஞ் அதே பெயரில் நாடகம் எழுதினார். அவர்கள் இரக்கத்தோடு எழுதியவர்கள்தாம். ஆனால் பறை என்ற கருவி உதிர்ந்துபோய், ஒதுக்கல் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. பிற நாடுகள் விலக்கிவைத்த நாட்டை 'பரையா நாடு' என்று இன்றும் ஆங்கில ஏடுகள் எழுதுகின்றன.

தேர்வில் அச்சொல் வந்தால் சரியான விடையைத்தான் குறிப்பேன். மதிப்பெண் எனக்கு வேண்டும். ஆனால் அட்டையின் பின்புறத்தை மாற்றி எழுதிவிட்டேன்: 'பறை, தோற்கருவி. அதை அடித்தவர்களின் பெயர். மற்றவர்கள் அவர்களுக்குச் செய்ததை ஆங்கிலம் இதன் பொருளாக வைத்திருக்கிறது.' அம்மா அதை இரண்டுமுறை எழுத்துக் கூட்டிப் படித்தார். "சரி, அடுத்ததை எடு" என்றார்.

இப்போது 400 அட்டைகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. இனிப்புப் பெட்டி போதவில்லை. நம் கல்லூரியில் இத்தேர்வுக்கோ வேறு நுழைவுத் தேர்வுக்கோ ஆயத்தம் செய்கிறவர்கள் புதன்கிழமை மாலை இயற்பியல் ஆய்வகத்துக்கு வெளியே வாருங்கள். வரும்போது வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் கொண்டுவந்தால் நல்லது. கத்தரிக்கோல் என்னிடம் இருக்கிறது.