மூடிய ஸ்டேஷனுக்கு மீண்டும் உயிர் வருமா?



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை வேலைக்குப் போயிருக்கும் எமது பிள்ளைகள் பலர், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோட்டையில் கோச்சி ஏறித்தான் ஊர் வருகிறார்கள். கோட்டைக்கு அடுத்தது மருதானை. அங்கே புகையிரத வளாகத்துக்குள் கொழும்பின் பழைய ஸ்டேஷன் கட்டடம் ஒன்று இருப்பது அநேகருக்குத் தெரியாது. அதன் பெயர் கொழும்பு டேர்மினஸ். கோச்சி நிற்காத ஸ்டேஷனுக்கு மறுபடி உயிர் கொடுப்பது எப்படி, அதில் கடைக்காரருக்கும் சைக்கிள்காரருக்கும் என்ன வேலை, தோட்ட மக்களுக்கு என்ன பங்கு என்பதை இங்கே விளக்குகிறோம்.

கோச்சி வந்த கதை

இலங்கையில் முதல் கோச்சி 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. அப்போது மலையகத்தில் கோப்பிதான். கோப்பி மூட்டையை மாட்டு வண்டியில் கொழும்புக்கு இறக்குவது பெரும்பாடாக இருந்ததால் துரைமார் ரயில் பாதை கேட்டார்கள். 1867இல் பாதை கண்டிக்கு வந்தது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை என்று பாதை நீண்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த எமது முன்னோரும் அந்தப் பாதைக்கு மலை வெட்டினார்கள். அவர்கள் பறித்த கொழுந்து தேயிலைப் பெட்டியாகி, அதே பாதையில் கொழும்புத் துறைமுகத்துக்குப் போனது.

ஏன் மூடுகிறார்கள்?

காரணம் ஊருக்கு ஊர் வேறு. 1908இல் மருதானை ஸ்டேஷன் வந்ததும் டேர்மினஸுக்கு வேலை இல்லாமல் போனது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்குப் போன சின்னக் கோச்சியின் கதை வேறு. இரண்டரை அடி அகலப் பாதை அது. 1903, 1904இல் திறந்தார்கள். லொறி வந்து சரக்கைப் பிடித்துக்கொண்டது. 1940களில் பாதையை மூடிவிட்டார்கள்.

வெள்ளை அடித்தால் போதுமா?

போதாது. டேர்மினஸ் கட்டடத்தில் 2009இல் ஒரு ரயில் நூதனசாலை திறந்தார்கள். ஆனால் அது வளாகத்துக்குள் இருக்கும் கட்டடம். வழியில் போகிறவர் கண்ணில் படாது. 2014 டிசம்பரில், ரயிலுக்கு 150 வயது ஆனபோது, நூதனசாலை கடுகண்ணாவைக்குப் போய்விட்டது. கடுகண்ணாவையில் கண்டி வீதி பக்கத்தில் ஓடுகிறது, கோச்சி நிற்கிற ஸ்டேஷனும் பக்கத்தில் இருக்கிறது. ஆள் நடமாட்டம் உள்ள இடம்தான் நிற்கும் என்பதை இதிலிருந்து படித்துக்கொள்ளலாம்.

கொழும்பிலேயே இன்னொரு உதாரணம் கொம்பனித்தெரு ஸ்டேஷன். அது மூடப்பட்டதல்ல, பழமையானது. அதே பகுதியில் தலைமையகம் வைத்திருந்த ஜோன் கீல்ஸ் கம்பனியின் அறக்கட்டளை, புகையிரதத் திணைக்களத்தோடு சேர்ந்து அதைச் சீர்படுத்த முன்வந்தது. ஸ்டேஷன் சுத்தமாக இருந்தால் கம்பனிக்கு வேலைக்கு வருகிறவருக்கும் நல்லது, பயணிக்கும் நல்லது. பக்கத்துத் தொழில்காரருக்கு அக்கறை வந்தால் பராமரிப்பும் தொடரும்.

வடக்குப் பாதை இன்னும் பெரிய பாடம். யுத்தத்தால் 1990இல் யாழ்ப்பாணக் கோச்சி நின்றது. 2009இல் 'உத்துரு மித்துரு', அதாவது வடக்கின் நண்பன், என்ற பெயரில் பொதுமக்களிடமும் நிறுவனங்களிடமும் நிதி கேட்டார்கள். பாதை வேலையின் பெரும்பகுதி இந்தியக் கடனில் நடந்தது. 2014 அக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாண ஸ்டேஷனில் மறுபடி கோச்சி நின்றது. வெள்ளவத்தையில் வாழும் யாழ்ப்பாணத்தவருக்கு 24 வருடத்துக்குப் பிறகு ஊருக்குக் கோச்சி கிடைத்தது.

சைக்கிள்காரர் எதற்கு?

கோச்சியால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே ரயில் பாதையை மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறும்படி வெட்டியிருப்பார்கள். தண்டவாளம் எடுத்த பிறகு, சைக்கிள் மிதிக்க அதைவிட நல்ல பாதை கிடையாது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் 1990இல் மூடிய ஒரு பாதையை 2000ஆம் ஆண்டில் சுமார் 150 கிலோமீற்றர் சைக்கிள் பாதையாகத் திறந்தார்கள். வழியிலிருந்த சின்ன ஊர்களில் பழைய விடுதிகளுக்கு மறுபடி ஆள் வந்தது. விவசாயிகள் வீட்டில் தங்க அறை கொடுத்தார்கள்.

காரில் போகிறவர் ஊரைத் தாண்டிப் பறந்துவிடுவார். சைக்கிள்காரருக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், டயரில் காற்றும் போகும். அவர் நின்றால் தேத்தண்ணிக் கடைக்கும் ரொட்டிக் கடைக்கும் பஞ்சர் ஒட்டுகிற தம்பிக்கும் நாலு காசு. கொழும்பிலும் 2022இல் பெற்றோல் தட்டுப்பட்டபோது எத்தனையோ பேர் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். ஸ்டேஷனில் பூட்டி வைக்க ஓர் இடம், குடிதண்ணீர், கக்கூஸ் இருந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: கோச்சி ஓடுகிற தண்டவாளத்தில் சைக்கிளும் வேண்டாம், நடையும் வேண்டாம். உயிர் போகும்.

எமக்கு என்ன பங்கு?

கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலை ஸ்டோரை 1996இல் ஹோட்டலாக மாற்றினார்கள். அங்கே ஒரு பழைய ரயில் பெட்டியைச் சாப்பாட்டு அறையாக வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பழையதை எல்லாம் வெளியூர் விருந்தாளிக்கு மட்டும் திருத்தினால், அந்தப் பெட்டியில் ஏறிய தேயிலையைப் பறித்தவர் வெளியில்தான் நிற்பார். ஆகவே உங்கள் ஊரில் யாராவது ஸ்டேஷனைத் திருத்தப் போகிறோம் என்று வந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்:

1. காணி யாருடையது? ரயில் காணி புகையிரதத் திணைக்களத்துக்குச் சேர்ந்தது. எழுத்தில் அனுமதி வேண்டும். தொல்பொருள் திணைக்களம் பாதுகாத்த கட்டடமானால் அதன் அனுமதியும் வேண்டும்.

2. பழைய தடத்தில் குடியிருப்போர் கதி என்ன? லயத்தையோ வீட்டையோ அசைக்கப் போகிறார்களா? வேறு இடம் எங்கே? வேலை தொடங்குமுன் பதில் வரட்டும்.

3. கடைகளில் எத்தனை தோட்டத்துப் பெண்களுக்கும் இளைஞருக்கும்? வாடகை எவ்வளவு?

4. திறப்பு விழா முடிந்த பிறகு கூட்டித் துடைப்பது யார்? கணக்கு வைப்பது யார்?

5. சுவரில் எழுதும் சரித்திரத்தில் எமது பாட்டன் பாட்டி இருக்கிறார்களா? பலகை தமிழிலும் இருக்குமா?

கடைசிக் கேள்விக்கு நாமும் ஆயத்தமாக வேண்டும். வீட்டில் பழைய கொழுந்துக் கூடை, தேயிலைப் பெட்டி, ரயில் துண்டு, படம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். வயதானவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் உடைத்தபோது, கோச்சி இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று எல்லோரும் கண்டோம். ஸ்டேஷன் என்பது துரை கட்டியதுதான், ஆனால் அதைச் சம்பாதித்துக் கொடுத்தது கொழுந்துக் கூடை. அதைத் திருத்துகிற நாளில் பேச்சுவார்த்தைக்கு எமக்கும் ஒரு கதிரை வேண்டும்.