பெரிய மோட்டார் சைக்கிள் வேண்டுமா? படி ஏறி வா!
பிரிட்டனில் லைசென்சு கொடுக்கும் முறை

மோட்டார் சைக்கிள் என்றால் பிள்ளைகளுக்கு ஆசை, பெற்றவர்களுக்குப் பயம். "மெதுவாகப் போ" என்று வாசலில் நின்று சொல்லாத தாய் எந்த நாட்டில் இருக்கிறாள்?

பிரிட்டனில் இந்த ஆசைக்கும் பயத்துக்கும் நடுவே அரசாங்கம் சில படிகளைக் கட்டி வைத்திருக்கிறது. பணம் இருந்தால் மட்டும் அங்கே பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட முடியாது. கை பழகப் பழகத்தான் வண்டியும் பெரிதாகும்.

பாஸும் இல்லை, பெயிலும் இல்லை

முதலில் தற்காலிக லைசென்சு வாங்க வேண்டும். அடுத்தது அடிப்படைப் பயிற்சி. 1990-ம் ஆண்டு முதல் இது கட்டாயம்.

பயிற்சிக்கு வந்ததும் கண்ணைச் சோதிப்பார்கள். 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் வண்டியின் நம்பரைப் படிக்க வேண்டும். பிறகு மைதானத்தில் வண்டியைக் கிளப்பவும், வளைக்கவும், பிரேக் பிடிக்கவும் கற்றுக்கொடுப்பார்கள். கடைசியாக ரோட்டில் குறைந்தது 2 மணி நேரம் ஓட்ட வேண்டும். அப்போது ஒரு ஆசிரியரிடம் 2 பேருக்கு மேல் இருக்கக்கூடாது.

இதில் பாஸ், பெயில் கிடையாது. "இவர் தனியாக ஓட்டலாம்" என்று ஆசிரியர் திருப்தி அடைந்தால்தான் சர்டிபிகேட். இல்லாவிட்டால் மறுபடியும் பயிற்சிக்கு வரவேண்டும்!

"எல்" பலகை

17 வயது ஆனவர், சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு 125 சி.சி. வரை உள்ள சின்ன வண்டியை ஓட்டலாம். வண்டியில் "எல்" பலகை மாட்ட வேண்டும். பின்னால் யாரையும் ஏற்றக்கூடாது. அதிவேக நெடுஞ்சாலைப் பக்கம் போகவே கூடாது.

சர்டிபிகேட் 2 ஆண்டுகள்தான் செல்லும். அதற்குள் பரீட்சையில் தேறாவிட்டால் மறுபடியும் முதலில் இருந்து பயிற்சி!

மூன்று பரீட்சைகள்

முழு லைசென்சுக்கு முதலில் கேள்வி பதில். 50 கேள்விகளில் 43-க்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். ரோட்டில் வரும் ஆபத்தை முன்கூட்டியே கண்டுகொள்கிறாரா என்று படம் போட்டும் பார்ப்பார்கள்.

இரண்டாவது பரீட்சை மைதானத்தில். எட்டுப் போட வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சட்டென்று நிறுத்த வேண்டும். சின்னத் தவறுகள் 5 வரை பொறுப்பார்கள். பெரிய தவறு ஒன்று செய்தாலும் பெயில்தான்!

மூன்றாவது பரீட்சை ரோட்டில். அதிகாரி பின்னாலேயே வருவார். ரேடியோ மூலம் வழி சொல்வார்.

எந்த வயதில் எந்த வண்டி?

17 வயதில் 125 சி.சி. வண்டி. அதன் சக்தி சுமார் 15 குதிரை சக்திக்கு மேல் போகக்கூடாது.

19 வயதில் சுமார் 47 குதிரை சக்தி வரை.

24 வயதில் எவ்வளவு பெரிய வண்டியும் ஓட்டலாம். 19 வயது லைசென்சை 2 ஆண்டுகள் வைத்திருந்தவர்களுக்கு 21 வயதிலேயே இந்த வாய்ப்பு உண்டு.

ஆனால் வயது வந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு படிக்கும் மைதானத்திலும் ரோட்டிலும் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? சின்ன வண்டியில் செய்யும் தவறைச் சமாளித்துவிடலாம். பெரிய வண்டியில் அதே தவறைத் திருத்த நேரம் இருக்காது.

19 வயதில் கிடைக்காத வண்டி 21 வயதில் கிடைத்துவிடும். போன உயிர் கிடைக்குமா?