முதல் ஆர்.சி. டிரக் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்காதீங்க, செலவைப் பாருங்க!

மியூச்சுவல் ஃபண்ட், இன்கம் டாக்ஸ்னு பேசுற இடத்துல ரிமோட் கண்ட்ரோல் டிரக்குக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. எங்க வீட்டுப் பரண்ல ஒரு டிரக் தூங்குது. ஊருக்கெல்லாம் பட்ஜெட் போட்டுக் கொடுக்கிற நான், அரைப் பக்கக் கணக்குகூட போடாம வாங்கின வண்டி அது.

எங்க ஏரியாவுல சில பேர் சேர்ந்து ஒரு காலி மனையில மேடு பள்ளம் வெச்சு மண் ட்ராக் போட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஆனா ரேஸ். பத்து வயசுப் பையன் ஆசைப்பட்டான்னு, வேகத்தை மட்டும் பார்த்து ஆன்லைன்ல ஒரு 4 வீல் டிரைவ் டிரக் வாங்கினேன். மூணாவது வாரமே சஸ்பென்ஷன் ஆர்ம் உடைஞ்சது. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். வித்தவங்ககிட்ட அது தனியா இல்லை. வேற மாடலோடது பொருந்தலை. அடுத்த எட்டு ஞாயித்துக்கிழமையும் பையன் வேலி ஓரமா நின்னு, மத்தவங்க வண்டி ஓடுறதைப் பார்த்துட்டு வந்தான். எட்டாவது வாரம், "ட்ராக்குக்குப் போக வேண்டாம்பா"ன்னுட்டான்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தப் பதிவு. நான் செஞ்ச தப்பை நீங்க செய்யாம இருக்க, நாலு விஷயம் பார்க்கலாம்.

1. முதல்ல ட்ராக், அப்புறம்தான் கடை

பர்ஸை வீட்டுல வெச்சுட்டு ஒரு ஞாயித்துக்கிழமை ட்ராக்குக்குப் போங்க. அங்கே அதிகமா என்ன வண்டி ஓடுதுன்னு பாருங்க. பெரும்பாலான இடங்கள்ல புதுசா வர்றவங்களுக்கு ஏத்தது 10-ல ஒரு பங்கு அளவுள்ள ஷார்ட் கோர்ஸ் டிரக். அமெரிக்காவுல நிஜமாவே மண் ட்ராக்ல ஓடுற ரேஸ் பிக்கப்போட குட்டி உருவம் இது. பாடி, டயரை மூடின மாதிரி அகலமா இருக்கும். அதனால ரெண்டு வண்டி உரசினாலும் டயரும் டயரும் மாட்டிக்கிறது குறைவு. டயர் வெளியே நீட்டிட்டு இருக்கிற பக்கியில அந்தத் தொல்லை அதிகம். மான்ஸ்டர் டிரக் பார்க்க கெத்தா இருக்கும். ஆனா உயரம் ஜாஸ்தி, வளைவுல சட்டுனு கவிழும்.

இந்த வகையைப் பரவலாக்கினது 2008-ல வந்த டிராக்ஸஸ் ஸ்லாஷ். அதையேதான் வாங்கணும்னு நான் சொல்லலை. ஆனா பல வருஷமா ஓடிட்டு இருக்கிற மாடல்ல ஒரு லாபம் உண்டு: ஸ்பேர் கிடைக்கும், ரிப்பேர் தெரிஞ்ச ஆளும் பக்கத்துலயே இருப்பாங்க.

2. வேகம் வேண்டாம், பாகம் குறைவா இருக்கட்டும்

2 வீல் டிரைவ் வண்டியில முன்பக்க டிஃபரென்ஷியலும் டிரைவ் ஷாஃப்டும் கிடையாது. இல்லாத பாகம் உடையாது! பின் சக்கரம் வழுக்கும். அதை அடக்கக் கத்துக்கிறதுதான் ஓட்டப் பழகுறதே. மோட்டாரும் பிரஷ்டே போதும். பிரஷ்லெஸ் மோட்டாருக்கு ஆயுள் அதிகம், வேகமும் அதிகம். ஆனா புதுக் கை கையில் அந்த வேகம் சுவத்துலதான் போய் முட்டும்.

பேட்டரி லித்தியம் பாலிமர்னா, பேலன்ஸ் சார்ஜரும் தீப்பிடிச்சா தாங்குற சார்ஜிங் பையும் கட்டாயம். ஆள் பக்கத்துல இல்லாம சார்ஜ் போடவே கூடாது. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம். பல நாள் சும்மா வைக்கணும்னா 3.8 வோல்ட்ல வையுங்க.

3. 60-க்கு 40 கணக்கு

இது நானா வெச்சுக்கிட்ட விதி. மொத்த பட்ஜெட் 100 ரூபாய்னா, வண்டிக்கு 60-க்கு மேல போகாதீங்க. பேட்டரி, சார்ஜருக்கு 20. ஸ்பேருக்கு 15. மீதி 5, என்ட்ரி ஃபீஸ், சில்லறைச் செலவு. சில வண்டியோட பெட்டியிலேயே பேட்டரியும் சார்ஜரும் வரும், சிலதுல வராது. கேட்டுட்டு வாங்குங்க. வண்டி வாங்குற அன்னைக்கே ஒரு ஜோடி சஸ்பென்ஷன் ஆர்ம், ஒரு ஸ்பர் கியர் வாங்கிடுங்க. நம்ம எமர்ஜென்சி ஃபண்ட் மாதிரிதான் இதுவும்!

யூடியூப்ல சொல்ற டாலர் விலையை ரூபாயா மாத்திக் கனவு காணாதீங்க. பொம்மைகளுக்கான சுங்க வரி 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துலேர்ந்து 60 ஆச்சு, 2023-ல 70. இங்கே கடை விலை எகிறி இருக்கிறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

4. பொழுதுபோக்குக்கு இஎம்ஐ வேண்டாம்

கிரெடிட் கார்டு "நோ காஸ்ட்" இஎம்ஐ-யில வட்டியைத் தள்ளுபடியா கழிச்சுடுவாங்க. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க ஸ்டேட்மென்ட்லதான் வந்து உட்காரும். சில கார்டுல ப்ராசஸிங் ஃபீயும் சேரும். தொகை சின்னதுதான், ஒத்துக்கிறேன். ஆனா வண்டி உடைஞ்சு பரண்ல கிடக்கும்போது தவணை மட்டும் மாசா மாசம் ஓடும் பாருங்க, அதுதான் வலிக்கும். நான் கட்டினேன், அதனால சொல்றேன். மாசம் கொஞ்சமா ஆறு மாசம் சேர்த்து வாங்குங்க. ஆறு மாசத்துக்கு அப்புறமும் ஆசை இருந்தா, அது நிஜமான ஆசை.

சரி, எங்க வீட்டுக் கதை என்னாச்சு? சேர்த்து வெச்ச காசுல, ட்ராக்ல ஒருத்தர் வித்த பழைய 2 வீல் டிரைவ் ஷார்ட் கோர்ஸ் வண்டியை வாங்கினோம். முதல் ரேஸ்ல பையன் கடைசிக்கு முந்தின இடம். ரெண்டாவது ரேஸ்ல ஆர்ம் உடைஞ்சது. டப்பாவுல ஸ்பேர் இருந்தது. இருபது நிமிஷத்துல அவனே மாட்டிட்டு, அடுத்த ரவுண்டுக்குப் போய் நின்னான்.

பழைய வண்டி இன்னும் பரண்லதான் இருக்கு. ஆசை வந்து விரல் ஆன்லைன் கார்ட்டுக்குப் போகும்போதெல்லாம், ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்குவேன்.

உங்க வீட்டுப் பரண்ல என்ன தூங்குது? மறக்காம கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!